மாப்பிள்ளைக்கு ஃபுல் சஸ்பென்ஷன்

துடியலூர்,
புதன்கிழமை மத்தியானம்.

சத்தியமங்கலம் பெரிய தோட்டத்துச் சம்பந்தி, மரியாதைக்குரிய பொங்கியண்ணன் அவர்களுக்கு, தங்கள் மருமகள் ரித்திகாவின் தகப்பன் லட்சுமணசாமி இரு கை கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் தெய்வாத்தாளும் உடம்பளவில் சுகம். அங்கு சம்பந்தியம்மாளுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்றும், தோட்டத்துக்குள் யானை இறங்காமல் இருக்கும் என்றும், பவானியில் வேண்டிய அளவுக்குத் தண்ணீர் ஓடும் என்றும் நம்புகிறேன். மரியாதைக்குக் கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டுவிட்டேன். இனி நீங்கள் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்க வேண்டும். சம்பந்தியம்மாள் பக்கத்தில் இருந்தால், உரக்கடைக்காரர் எழுதியிருக்கிறார் என்று சொல்லிவிட்டு மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விடுங்கள். போன் செய்யாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். தோட்டத்தில் களை எடுக்கிறவர்கள் வரைக்கும் நம் குடும்ப நிலவரம் போய்ச் சேர்ந்துவிடும். அதனால்தான் தபால்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நம் மாப்பிள்ளை அருண்குமாரை வேலையிலிருந்து சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். அதுவும் சாதாரண சஸ்பென்ஷன் இல்லை, சம்பந்தி. ஃபுல் சஸ்பென்ஷன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை தெய்வாத்தாள் நாட்டுக்கோழிக் குழம்பு வைத்தாள். ஒரு தூக்குப்போசியில் ஊற்றி, மாப்பிள்ளை வீட்டில் கொடுத்துவிட்டு வரச் சொன்னாள். அவர்கள் குடியிருப்பது அடுத்த வீதியில்தானே. கேட்டில் கை வைத்தவன், மாப்பிள்ளை வாசலில் நின்று போனில் பேசுவது காதில் விழுந்து அப்படியே நின்றுவிட்டேன். ஒட்டுக்கேட்கிற பழக்கம் என் பரம்பரையில் கிடையாது. குழம்பு தளும்பியதால்தான் நின்றேன். எதிர்முனையில் அவருடைய சிநேகிதர் ஆல்வின். “ஆல்வின், முடிவு பண்ணிப்போட்டேன். இத்தன நாளு எப்படியோ ஒப்பேத்தியாச்சு, இனி முதுகு தாங்காது. ஃபுல் சஸ்பென்ஷன்தான். ஃபிரேம் பண்ணுனதெல்லாம் தைவான்ல. ஆர்டர் போட்டாச்சு, இந்த வாரம் கைக்கு வந்துரும். எங்கப்பாவுக்கு மட்டும் தெரியக் கூடாது, தெரிஞ்சா தோலை உரிச்சுப்போடுவாரு” என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் தூக்குப்போசி கையிலேயே சாய்ந்துவிட்டது. குழம்பில் பாதி என் வேட்டிக்குப் போனது. மீதியைக் கேட்டின் மேலேயே வைத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தேன்.

என்னடா, ஒரு வார்த்தைக்கு இந்த மனிதன் இப்படி நடுங்குகிறானே என்று நினைக்காதீர்கள். நான் மில்லில் டைம் ஆபீஸ் பார்த்தவன். வரவு, லேட்டு, லீவு, சார்ஜ் ஷீட், சஸ்பென்ஷன் ஆர்டர் எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். ஆர்டரை நீட்டும்போது ஒருவன் முகம் எப்படிப் போகும் என்று பார்த்துப் பார்த்து, வேலையை விட்டு இத்தனை வருடம் ஆகியும் எனக்குக் கனவில் வருகிறது. அப்படி வாங்கிப் போன ஒருவர், வீட்டில் சொல்லப் பயந்துகொண்டு, தினமும் டிபன் கேரியரோடு கிளம்பி வந்து மில் கேட்டுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். சங்கு ஊதியதும் எல்லோரோடும் எழுந்து வீட்டுக்குப் போவார். ஆர்டரைக் கொடுத்தவன் என்பதால் நான் அந்தப் பக்கம் டீ குடிக்கப் போவதையே விட்டுவிட்டேன். குற்றச்சாட்டு எழுதுவதற்கு எங்கள் பாஷையில் சார்ஜ் ஃபிரேம் பண்ணுவது என்று பெயர். அதை மாடியில் மேனேஜர் அறையில் பண்ணுவார்கள். பெரிய தப்பு என்றால் சென்னை வக்கீலுக்குப் போகும். மாப்பிள்ளைக்குத் தைவானில் ஃபிரேம் பண்ணியிருக்கிறார்கள் என்றால் என்ன அர்த்தம், சொல்லுங்கள். பம்ப் கம்பெனியில் டிசைன் போடுகிற பையன் தைவான்காரனுக்கு அப்படி என்ன கெடுதல் செய்தார் என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.

தெய்வாத்தாள் லேசாகச் சொல்லிவிட்டாள். “ஏனுங்க, அதுக்கு எதுக்கு இப்படி வேர்த்துக் கொட்டுது? மாப்பிளைகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுப்போட்டு வாங்க” என்றாள். மாப்பிள்ளையிடம் போய், உங்களுக்கு வேலை போய்விட்டதாமே என்று எந்த மாமனாராவது கேட்பானா? சாப்பிட்டீங்களா, மழை வருமுங்களா என்ற இரண்டு கேள்விகளைத் தாண்டி நான் அவரிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை என்பது உங்களுக்கே தெரியும். அதனால் ரித்திகாவைக் காய்கறிக் கடையில் வைத்துப் பிடித்தேன். நேரடியாகக் கேட்காமல், “கண்ணு, ஆர்டர் வருதாமா?” என்று மட்டும் கேட்டேன். பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது.

“உங்களுக்கு யாருங்கப்பா சொன்னது? சத்தியமங்கலத்து மாமாவுக்குத் தெரிஞ்சு போச்சுங்களா?”

“இல்ல கண்ணு.”

“சொல்லிப்போடாதீங்க. பணத்த நெனச்சு வெசனப்படுவாரு.”

“ஃபுல்லா, கண்ணு?”

“ஃபுல்லுதானுங்கப்பா. பழசுல முன்னாடி மட்டுந்தான் சஸ்பென்ஷன் இருந்துச்சு. பின்னாடியும் இருந்தே ஆகோணும்னு இவரு ஒரே புடிவாதம்.”

கவனியுங்கள், சம்பந்தி. மாப்பிள்ளை பழைய கம்பெனியில் இருந்தபோதே முன்னாடி ஒரு சஸ்பென்ஷன் இருந்திருக்கிறது. கல்யாணப் பேச்சின்போது அதை நீங்கள் சொல்லவில்லை. நான் குறையாக எழுதவில்லை, உங்களிடமும் மறைத்திருப்பார். ஆனால் முன்னாடி பட்டது போதாது, பின்னாடியும் வேண்டும் என்று ஒரு மனிதர் பிடிவாதம் பிடிப்பாரா? மனசு உடைந்துபோனவர்கள்தான் அப்படியெல்லாம் பேசுவார்கள். “உனக்கு வருத்தமா இல்லையா அம்மணி?” என்று கேட்டேன். “எனக்கென்னங்கப்பா வருத்தம், அவருக்கு முதுகு வலி போனாச் செரி. இதுல லாக் அவுட் கூட இருக்குதாமா. வேணுங்கறப்ப ஒரு பொத்தானைத் தட்டுனா லாக் அவுட் ஆயிருமாமா, மறுக்காத் தட்டுனா வுட்டுருமாமா” என்று சொல்லிக்கொண்டே முருங்கைக்காய் பொறுக்கினாள். லாக் அவுட், அதாவது ஆலைக் கதவடைப்பு என்ற வார்த்தையைக் கேட்டால் கோயமுத்தூரில் என் வயதுக்காரர்களுக்குப் பச்சைத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. அந்தக் காலத்தில் அதற்கு முதலாளி வேண்டும், வக்கீல் வேண்டும், கேட்டில் நோட்டீஸ் ஒட்ட வேண்டும், போலீஸ் வேன் வந்து நிற்க வேண்டும். இப்போது பொத்தானாம். கம்பெனிக்காரன் தூக்கத்தில் கை பட்டாலும் இத்தனை குடும்பம் தெருவுக்கு வந்துவிடுமே என்று நினைத்து, வாங்கிய கத்தரிக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. போன வாரம் முழுவதும் மாப்பிள்ளை ஆபீஸுக்குப் போகவில்லை. விடிவதற்கு முன்னால் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலமலைப் பக்கம் போவார், வெயில் ஏறிய பிறகு வருவார். ஒருநாள் பால் வாங்கப் போகும்போது எதிரில் வந்தார். முழங்கால் வரைக்கும் செம்மண். முழங்கையில் சிராய்ப்பு, ரத்தம் காய்ந்திருந்தது. “தோட்டத்து வேலைங்களா?” என்றேன். “மலையில கொஞ்சம் வேலை இருந்துச்சுங்க மாமா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கு எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போதுதான் புரிகிறது. இன்ஜினியர் படிப்புப் படித்த பிள்ளை, யாருக்கும் தெரியாமல், மலையடிவாரத்தில் எவனோ ஒருவன் தோட்டத்தில் மண் வெட்டிக் குடும்பத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

இதிலும் ஒரு கொடுமை கேளுங்கள். திங்கட்கிழமை அந்தச் சைக்கிளையும் விற்றுவிட்டார். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், கட்டை டயர் போட்ட மலையேறும் சைக்கிள். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. அதை ஹாலில் சுவரில் மாட்டி வைத்துப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார். என் மகளைப் பார்த்ததைவிட அதைத்தான் அதிகம் பார்த்திருப்பார் என்று தெய்வாத்தாள் கேலி பேசுவாள். அதை அவரே துடைத்து, செயினுக்கு எண்ணெய் போட்டு, வந்த ஆளிடம் ஒப்படைத்தார். அந்த ஆள் வீதி முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். கண் கலங்கியிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். “ஏனுங்க மாப்பிள்ளை, சைக்கிளு…” என்று இழுத்தேன். “இனி அது எதுக்குங்க மாமா” என்றார். அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து சொன்னதும் தெய்வாத்தாள் அழுதாள். எனக்கும் அழுகை வந்துவிட்டது. எங்களுக்கு இருப்பது ஒரே பெண், சம்பந்தி.

இரண்டு நாள் தூக்கமில்லாமல் புரண்டுவிட்டு, இன்று காலை ஒரு முடிவுக்கு வந்து அவர் கம்பெனிக்கே போனேன். சலவை வேட்டி சட்டை போட்டுக்கொண்டேன். வெறும் கையோடு போகக் கூடாது என்று, நீங்கள் அனுப்பியிருந்த கதலியில் நல்ல சீப்பாக ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஆட்களைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி சாய்ப்ரியா என்று ஒரு பெண். நம் ரித்திகா வயதுதான் இருக்கும். பழத்தை மேசையில் வைத்துவிட்டு, “அம்மணி, நான் அருண்குமாருக்கு அப்பா மாதிரிங்க. பையன் தெரியாத்தனமா ஏதாச்சும் பண்ணியிருந்தாப் பொறுத்துக்கோணும். சஸ்பென்ஷன் ஆர்டரை நிறுத்தி வெச்சுப்போடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டேன்.

“சஸ்பென்ஷனா? யாருங்க சொன்னாங்க? அவரு மெடிக்கல் லீவுலயில்லீங்க இருக்காரு. முதுகு வலி, கட்டில விட்டு எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்திருக்காருங்களே.”

மேலிடத்துக்குப் பயந்து அந்தப் பெண் மழுப்புகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. டைம் ஆபீஸில் நாங்கள் செய்யாத மழுப்பலா? மாப்பிள்ளை எவ்வளவு உழைப்பாளி என்பதை எடுத்துச் சொன்னால் மனம் இரங்கும் என்று, “கட்டில்லயா? அம்மணி, அந்தப் பையன் கட்டில்ல படுத்து நான் பாத்ததே இல்லீங்க. விடியக்காலம் மலைக்குப் போனா வெயிலேறித்தான் வாரது. ஒடம்பெல்லாஞ் செம்மண்ணு. முழங்கையெல்லாம் செராச்சுக் கெடக்குது. அப்படிப் பாடுபடற பையனுங்க” என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“எந்த மலைங்க ஐயா?”

“பாலமலைங்க.”

“ஒரு நாளா, தெனமுமுங்களா?”

“போன வாரம் பூராவும் தெனமுமுங்க அம்மணி. ஒரு நாளு தப்பலீங்க.”

எவ்வளவு அக்கறையாகக் கேட்டாள் தெரியுமா? காபி வரவழைத்துக் கொடுத்தாள். வாசல்வரை வந்து, “நீங்க வெசனப்படாமப் போங்க, நாங்க பாத்துக்கறோம்” என்று சொல்லி அனுப்பினாள். நான் அந்த நாற்காலியில் இருந்த காலத்தில் எந்தத் தொழிலாளியின் தகப்பனுக்கும் இவ்வளவு பொறுமையாகக் காது கொடுத்ததில்லை. ஆர்டர் நின்றுவிடும் என்று எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்திருக்கிறது. ஆனாலும் தைவானை நினைத்தால் திரும்பவும் பயம் பிடித்துக்கொள்கிறது.

ஆகவே தாங்கள் இந்த வாரமே ஏதாவது சாக்குச் சொல்லிப் புறப்பட்டு வர வேண்டும். மகனைத் திட்டக் கூடாது. தோலை உரிக்கிற பேச்சே கூடாது. தோட்டத்துக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும், நீயே வந்து பார்த்துக்கொள்கிறாயா என்று தானாகக் கேட்பதுபோல் கேளுங்கள். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம். ரித்திகா எதுவும் நடக்காததுபோல் சிரித்துக்கொண்டே இருக்கிறாள். அவளைப் பார்க்கத்தான் எனக்கு ரொம்பவும் பயமாக இருக்கிறது.

தங்கள் தோட்டமும் மாடு கன்றும் தழைக்கவும், சம்பந்தியம்மாள் கைத்தடி இல்லாமல் கோயிலைச் சுற்றி வரவும், நம் பிள்ளைகளுக்கு வந்த இந்தக் கண்டம் நல்லபடியாக விலகவும் குலதெய்வத்தை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புச் சம்பந்தி,
லட்சுமணசாமி.

பி.கு. (புதன்கிழமை சாயங்காலம்): கடிதத்தை ஒட்டுவதற்குள் ரித்திகா ஓடி வந்தாள். “அப்பா, ஆர்டர் வந்துருச்சு. நீங்க வந்துதான் எலுமிச்சம்பழம் வெச்சுப் பூஜை போடோணும்னு இவரு சொல்றாரு” என்றாள். சஸ்பென்ஷன் ஆர்டருக்குப் பூஜை போடுகிற குடும்பத்தை நான் இதுவரை கண்டதில்லை. பித்துப் பிடித்துவிட்டது என்று நினைத்து நானும் தெய்வாத்தாளும் திருநீறை எடுத்துக்கொண்டு ஓடினோம். வாசலில் ஒரு சைக்கிள் நிற்கிறது. பழையதைவிடப் பெரிய டயர், பச்சை நிறம். மாப்பிள்ளை ஹாண்டில் பாரை அமுக்கிக் காட்டினார். முன்பக்கம் தணிந்து எழுந்தது. சீட்டை அமுக்கினார், பின்பக்கமும் தணிந்து எழுந்தது. “இதுதானுங்க மாமா ஃபுல் சஸ்பென்ஷன். பழசுல முன்னாடி மட்டுந்தான், பாறையில எறங்கறப்ப முதுகு செத்துப்போகுமுங்க” என்றார். ஒரு பொத்தானைத் தட்டியதும் ஆட்டம் நின்றது. அதுதான் லாக் அவுட். ஃபிரேம் என்பது சைக்கிளின் எலும்புக்கூடு, தைவானில் செய்தது. இதை வைத்துக்கொண்டு மலையுச்சியிலிருந்து கீழே விடுவார்களாம். அதைக் கேட்டதும் எனக்கு மயக்கம் வந்தது, இருந்தாலும் இது வேறு மயக்கம். நான்தான் எலுமிச்சம்பழம் வைத்தேன். விலையை நான் கேட்கவில்லை, நீங்களும் கேட்க வேண்டாம். ஆகவே மேலே எழுதியது அத்தனையும் தப்பு. கிழித்துப் போட்டுவிடுங்கள். அந்த சாய்ப்ரியா அம்மணிக்கு ஆயிரம் வேலை இருக்கும், இதற்குள் மறந்திருப்பாள்.

பி.கு.வுக்கு ஒரு பி.கு. (வியாழக்கிழமை): கிழிக்க வேண்டாம். மறக்கவில்லை. மெடிக்கல் லீவு போட்டுவிட்டு மலையில் சைக்கிள் ஓட்டியதாக, விசாரணை முடியும்வரை மாப்பிள்ளையைச் சஸ்பெண்ட் செய்து இன்று ஆர்டர் வந்துவிட்டது. டைம் ஆபீஸ் பார்த்தவன் என்று என்னிடம்தான் முதலில் காட்டினார். வாசித்தேன். ஒரு வார்த்தை குறை சொல்ல முடியாமல் எழுதியிருக்கிறார்கள். விளக்கத்தை நானே எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், வேலை திரும்பக் கிடைத்துவிடும். அதைப் பற்றி அவ்வளவு பயமில்லை. யார் சொன்னது என்று மாப்பிள்ளை கம்பெனியில் கேட்டிருக்கிறார். வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர், உங்கள் அப்பா, ஒரு சீப்புக் கதலியோடு வந்தார் என்று சொல்லியிருக்கிறார்கள். “எங்கப்பாதானுங்க மாமா. கதலி தூக்கீட்டு வேற யாரு போவாங்க? சைக்கிள் சங்கதி எப்படியோ தெரிஞ்சுபோச்சு, அதான் இப்படிப் பண்ணிப்போட்டாரு” என்கிறார். நான் மழை வருமுங்களா என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சம்பந்தி, இந்த ஒரு உதவி எனக்குச் செய்ய வேண்டும். போனது நீங்கள்தான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். அப்பன்மேல் வரும் கோபம் மகனுக்குப் பொங்கலுக்குள் தணிந்துவிடும். மாமனார்மேல் வந்தால் என் மகள் அந்த வீட்டில் எப்படி வாழ்வாள்? அங்கே என்ன பேசினீர்கள் என்று அவர் கேட்டால் சொல்வதற்கு வசதியாக, மேலே எல்லாம் வரிசையாக இருக்கிறது. அதற்காகத்தான் கடிதத்தை அப்படியே அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை அவரே உங்களை நேரில் கேட்க வருகிறார். புதுச் சைக்கிளில் வருகிறார். வேலைக்குப் போக வேண்டியதில்லை என்பதால் நேரம் இருக்கிறதாம்.

அவசரம் எதற்கு என்றால், தெய்வாத்தாளுக்கு நான் கம்பெனிக்குப் போனது தெரியாது. “எந்த நாசமாப் போறவன் போய்ச் சொல்லிப்போட்டானோ, அவனுக்கு ஆனைமலை மாசாணியாத்தா கோயில்ல மொளகா அரைக்காம வுடமாட்டேன்” என்று சபதம் போட்டிருக்கிறாள். அங்கே கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால், கெடுதல் செய்தவன் எங்கே இருந்தாலும் உடம்பு காந்திக்கொண்டு ஓடி வருவான் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. செவ்வாய்க்கிழமை போகிறாள். துணைக்கு நானும் போக வேண்டுமாம். இப்போதே உள்ளே உட்கார்ந்து காம்பு கிள்ளிக்கொண்டிருக்கிறாள். நெடி தாங்காமல் நான் வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெற்ற பிள்ளைக்காகப் போய்ப் பேசிய தகப்பனை ஆத்தா ஒன்றும் செய்யமாட்டாள், தாங்கள் தைரியமாக ஒப்புக்கொள்ளலாம். எனக்குத்தான் இடது தோளில் லேசாகக் காந்த ஆரம்பித்திருக்கிறது.